இப்படி நடந்திருந்தால்... மலைக்கு ஒரு பொது மொழி!

காஸ்பியன் கடலோரம் மகச்கலா நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கல்லூரி மாணவன் ஒருவன், மலையில் இருக்கும் பூர்வீக ஊரிலிருந்து வந்த பழைய மரப்பெட்டியைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

மேலே தாத்தா எழுதிய கடிதங்கள். அவார் மொழி, ரஷ்ய எழுத்து. கொஞ்சம் தடுமாறினாலும் வாசித்துவிடுகிறான். அதற்குக் கீழே கொள்ளுத்தாத்தாவின் 1930களின் பள்ளி நோட்டு. அதே அவார் மொழிதான். ஆனால், லத்தீன் எழுத்து. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தால் பாதி புரிகிறது. பெட்டியின் அடியில் தோல் அட்டை போட்ட ஒரு கனத்த புத்தகம். எள்ளுத்தாத்தாவுடையது. வலமிருந்து இடமாக ஓடும் அரபி எழுத்து. பக்க ஓரங்களில் பொடிப்பொடியாகக் குறிப்புகள்.

அது தொழுகையா, நிலப் பத்திரமா, ஊர்க் கணக்கா, யாருக்காவது எழுதிய கவிதையா? அவனுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்புகிறான். கூடவே அவார் மொழியில் ஒரு வரி தட்டுகிறான். அவார் எழுத்தில் செங்குத்தாக நிற்கும் ஒற்றைக் கோடு ஒன்று உண்டு. போன் கீபோர்டில் அந்த எழுத்து இல்லை. அதனால், எல்லோரும் செய்வதுபோல அந்த இடத்தில் 1 என்ற எண்ணைப் போட்டு அனுப்புகிறான்.

இந்த மாணவன் கற்பனை. ஆனால், இப்படிப்பட்ட பெட்டிகள் தாகெஸ்தானில் நிஜமாகவே உண்டு. ஒரே குடும்பம், ஒரே மொழி, ஐந்து தலைமுறை, மூன்று எழுத்து!

இது நடக்காமல் இருந்திருந்தால்? எள்ளுத்தாத்தாவின் அரபி அந்த மலைகளின் பொது மொழியாக இன்றுவரை நீடித்திருந்தால்?

மொழிகளின் மலை

ரஷ்யாவின் தென்கோடியில் காக்கசஸ் மலைக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே இருக்கிறது தாகெஸ்தான். பெயருக்கே 'மலை நாடு' என்றுதான் பொருள். பரப்பளவு சுமார் 50,000 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 32 லட்சம். இந்தச் சின்ன இடத்துக்குள் 30க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. அவார், தார்கின், குமிக், லெஸ்கின், லாக், தபசரான் என்று பட்டியல் நீளும். மிகப் பெரிய இனமான அவார் மக்களே மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. காக்கசஸை 'மொழிகளின் மலை' என்று அரபுப் புவியியலாளர்கள் அந்தக் காலத்திலேயே அழைத்தார்கள்.

எவ்வளவு சின்ன மொழிகள் என்றால், ஆர்ச்சி என்று ஒரு மொழி. ஒரே ஒரு கிராமமும் அதைச் சுற்றியுள்ள சில குக்கிராமங்களும்தான் அதன் உலகம். பேசுபவர்கள் சுமார் 1,000 பேர். ஆனால், அந்த மொழியை ஆராய்ந்த ரஷ்ய மொழியியலாளர் அலெக்சாந்தர் கிப்ரிக், ஒரு வினைச்சொல்லுக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் சாத்தியம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1,000 பேர் பேசும் மொழிக்குள் அவ்வளவு பெரிய இலக்கணம்!

பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனால் பேச்சே புரியாது என்றால், இந்த மக்கள் எப்படித்தான் சந்தைக்குப் போனார்கள், சம்பந்தம் பேசினார்கள், சண்டையைத் தீர்த்தார்கள்?

பேச்சுக்கு ஒரு வழி இருந்தது. மேல் ஊர்க்காரர்கள் கீழ் ஊர் மொழியைக் கற்றுக்கொண்டார்கள். சந்தையும் குளிர்கால மேய்ச்சல் நிலமும் கீழேதானே இருக்கின்றன? தேவை இருக்கிறவர் கற்றுக்கொள்வார். ஆர்ச்சி ஆண்கள் அவார் மொழியும் லாக் மொழியும் பேசியது இப்படித்தான். சமவெளியில் குமிக், தெற்கே அசர்பைஜானி என்று அந்தந்த வட்டாரத்துக்கு ஒரு சந்தை மொழி இருந்தது.

ஆனால், எழுத வேண்டும் என்று வந்தால்? அங்கேதான் அரபி வந்து உட்கார்ந்தது.

யாருக்கும் சொந்தமில்லாத மொழி

அரபுப் படைகள் 7ஆம் நூற்றாண்டிலேயே காஸ்பியன் கரையின் தெர்பெந்த் கோட்டை வரை வந்துவிட்டன. அந்த ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாப் அல் அப்வாப்', அதாவது வாசல்களுக்கெல்லாம் வாசல். அங்குள்ள ஜும்ஆ மசூதியின் தொடக்கம் 733 என்று சொல்வார்கள். கடற்கரையிலிருந்து மலையுச்சிக்கு இஸ்லாம் ஏறிப்போகப் பல நூற்றாண்டுகள் ஆயின. கூடவே எழுத்தும் ஏறியது.

1485ல் அவார் அரசர் ஆந்துனிக் தன் உயிலை எழுதிவைத்தபோது, அது அரபியில்தான் இருந்தது. அதன்பின் ஊர்க் கட்டுப்பாடுகள், மேய்ச்சல் நில ஒப்பந்தங்கள், கல்லறைக் கல்வெட்டுகள், ஒரு கிராமம் இன்னொரு கிராமத்துக்கு எழுதிய புகார்க் கடிதங்கள் என எல்லாமே அரபி. 'உன் ஊர் ஆடு என் ஊர்ப் புல்லை மேய்ந்தால் இவ்வளவு அபராதம்' என்ற சாதாரண விஷயத்தைக்கூட அரபியில் எழுதி மசூதியில் வைத்தார்கள்.

ஏன் அரபி? மதம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது மலையில் எவருக்கும் தாய்மொழி இல்லை. அவார் மொழியில் ஒப்பந்தம் எழுதினால் தார்கின்காரர் முகம் சுளிப்பார். தார்கின் மொழியில் எழுதினால் லாக்காரர் முறைப்பார். அரபியில் எழுதினால் யாருக்கும் கூடுதல் இல்லை, யாருக்கும் குறைவில்லை. எல்லோரும் சிரமப்பட்டுத்தான் கற்க வேண்டும்.

மாணவர்கள் ஊர் ஊராக நடந்து போய்க் கற்றார்கள். ஓர் ஊரில் இலக்கணத்துக்குப் பேர்போன ஆசிரியர், அடுத்த ஊரில் சட்டத்துக்கு, இன்னோர் ஊரில் வானியலுக்கு. இரண்டு அறிஞர்கள் சந்தித்து, ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியவில்லை என்றால் அரபியில் பேசிக்கொண்டார்கள். அரபு உலகத்திலிருந்து இவ்வளவு தொலைவில் எழுத்து அரபி இப்படி உயிரோடு புழங்கியதைப் பார்த்து வியந்தவர், ரஷ்யாவின் பெரிய அரபி அறிஞரான இக்னாத்தி கிராச்கோவ்ஸ்கி.

அரபி எழுத்து வந்ததால் தாய்மொழிகள் ஊமையாகிவிடவும் இல்லை. அவார், லாக், தார்கின் மொழிகளையே அரபி எழுத்தில், சில புதுக் குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். அதற்கு 'அஜம்' என்று பெயர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வி என்ற அரபுத்தமிழ் நினைவுக்கு வருகிறதா? அதே யோசனைதான்.

குன்சாக் ஊரைச் சேர்ந்த திபிர் காதி என்ற அறிஞர் 18ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்தைச் செம்மைப்படுத்தினார். 'கலீலா திம்னா' கதைகளை அவார் மொழிக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவதும் இவரைத்தான். நம் பஞ்சதந்திரம்தான் பாரசீகம், அரபி என்று பயணம் செய்து 'கலீலா திம்னா' ஆனது. நம்மூர் நரியும் சிங்கமும் அந்தப் பனிமலை வரை ஏறிப் போயிருக்கின்றன!

கடிதத்தில் நடந்த அரசாங்கம்

19ஆம் நூற்றாண்டில் இந்த மொழிக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. ரஷ்யப் பேரரசு மலைகளைப் பிடிக்க வந்தபோது, மலை மக்களைத் திரட்டி எதிர்த்து நின்றவர் இமாம் ஷாமில். கிம்ரி என்ற ஊரில் 1797ல் பிறந்த அவார்காரர். 1834 முதல் 1859 வரை 25 ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். அவர் அமைத்த அரசில் அவார் மக்கள் மட்டும் இல்லை. செச்சென்களும் பல சிறு இனங்களும் இருந்தார்கள்.

ஷாமில் செச்சென் பகுதித் தளபதிக்கு உத்தரவு அனுப்புகிறார். எந்த மொழியில்? அரபியில். படைக்கு ஆள் எடுப்பது, வரி, கொலை வழக்கு, தானியம், வெடிமருந்து எல்லாமே சின்னச் சின்ன அரபிக் கடிதங்களாகக் குதிரையில் போயின. அவரது எழுத்தர்களில் ஒருவரான முகம்மது தாஹிர் அல் கராகி, அந்தப் போரின் வரலாற்றை அரபியிலேயே எழுதினார்.

1859ல் கூனிப் மலையில் ஷாமில் பிடிபட்டார். கலுகா நகரத்தில் சிறைவாழ்வு. பின்னர் ஹஜ் போக அனுமதி கிடைத்து, 1871ல் மதீனாவில் காலமானார். அரசு போயிற்று. ஆனால், அரபி போகவில்லை. ஜார் ஆட்சியிலும் கிராம நீதிமன்றப் பதிவுகள் அரபியில் தொடர்ந்தன. வேறு வழி? கிராமத்தில் எழுதத் தெரிந்தவருக்குத் தெரிந்த எழுத்து அதுதானே!

இந்த மொழி மக்களை ஒன்று சேர்க்கிறது என்பது ரஷ்ய அதிகாரிகளுக்குக் கவலையாகவும் இருந்தது. 1860களில் பியோத்தர் உஸ்லார் என்ற ராணுவ அதிகாரி அவார், லாக், லெஸ்கின் போன்ற மொழிகளை ஆராய்ந்து ரஷ்ய எழுத்தை ஒட்டிய எழுத்துகளை உருவாக்கினார். மொழிகளுக்குச் செய்த பெரிய சேவைதான். ஆனாலும், அந்த எழுத்து அப்போது ஊருக்குள் பரவவில்லை.

மாறாக, அரபி அச்சு இயந்திரம் ஏறியது. தெமிர் கான் ஷூரா என்ற நகரத்தில், இன்றைய பெயர் புய்னாக்ஸ்க், முகம்மது மிர்சா மவ்ராயெவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அச்சகம் வைத்தார். அரபியிலும் உள்ளூர் மொழிகளிலும் புத்தகங்கள் வந்தன. 1913ல் 'ஜரீதத் தாகிஸ்தான்' என்ற அரபிச் செய்தித்தாளும் வெளிவந்தது. அதற்கு உயிராக இருந்தவர் அலி கயாயெவ் என்ற லாக் இன அறிஞர். கெய்ரோவின் அல் அஸ்ஹரில் கற்றவர். மதப்படிப்போடு நவீன அறிவியலும் வேண்டும் என்று எழுதியவர்.

ஆக, 1913ல் ஒரு மலைக்காரர் காலையில் செய்தித்தாள் படிக்கலாம். அவரது இனம் எதுவாக இருந்தாலும் சரி. அரபி தெரிந்தால் போதும்.

பத்து ஆண்டில் மூன்று எழுத்து

1917ல் ஜார் ஆட்சி கவிழ்ந்தது. 1918 மே மாதம் வடக்கு காக்கசஸ் மக்கள் 'மலைக் குடியரசு' என்று சுதந்திர நாடு அறிவித்தார்கள். 1919ல் உசுன் ஹாஜி என்ற முதியவர் தனியாக ஓர் எமிரேட் அறிவித்தார். இடமிருந்து வலமாக எழுதுகிற அத்தனை பேரையும் தூக்கிலிடக் கயிறு திரிப்பதாக அவர் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. எழுதும் திசையே அரசியலாகிவிட்ட காலம்.

1920ல் செஞ்சேனை வென்றது. முதலில் சோவியத் அரசு மென்மையாகத்தான் நடந்தது. 1920 நவம்பரில் தெமிர் கான் ஷூராவுக்கு வந்து தாகெஸ்தானுக்குத் தன்னாட்சி அறிவித்தவர் ஸ்டாலினேதான். ஷரீஅத் சட்டத்தையும் மதிப்போம் என்றார்.

பொது மொழி எது என்ற கேள்வி எழுந்தது. 1923ல் கட்சித் தலைமை துருக்கிய மொழியைத் தேர்ந்தெடுத்தது. சமவெளி மக்களுக்கு அது பழக்கம், மலை மக்களுக்கோ அந்நியம். சில ஆண்டுகளில் அந்த யோசனை கைவிடப்பட்டது. 1928ல் அரபி எழுத்தை ஒதுக்கிவிட்டு உள்ளூர் மொழிகளுக்கு லத்தீன் எழுத்து வந்தது. 1938ல் அதையும் தூக்கிவிட்டு ரஷ்ய எழுத்து. அதே ஆண்டு பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயமாயிற்று.

கம்சாத் ட்சதாசா என்ற அவார் கவிஞரை நினைத்துப் பாருங்கள். 1877ல் பிறந்தார். மதரசாவில் அரபி கற்று, அஜம் எழுத்தில் எழுதத் தொடங்கியவர். 50 வயதைத் தாண்டிய பிறகு லத்தீன். 60 வயதைத் தாண்டிய பிறகு ரஷ்ய எழுத்து. அவரது மொழி மாறவே இல்லை. அதை எழுதும் விதம்தான் வாழ்நாளில் இரண்டு முறை மாறியது.

மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அலி கயாயெவ் கைதாகி, நாடுகடத்தப்பட்ட இடத்தில், கசகஸ்தானில் 1943ல் இறந்தார். துருக்கிய மொழியை ஆதரித்த கட்சித் தலைவர் நஜ்முத்தீன் சமூர்ஸ்கியும் தப்பவில்லை. 1938ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அரபிப் புத்தகம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்றானது. மக்கள் புத்தகங்களைச் சுவருக்குள் வைத்துப் பூசினார்கள். மண்ணில் புதைத்தார்கள். குகைகளில் ஒளித்தார்கள். நம் மாணவன் திறந்த பெட்டி, அப்படித் தப்பித்த பெட்டிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்படி நடந்திருந்தால்?

இனி முழுக்கக் கற்பனை.

1920ல் மலைக் குடியரசு பிழைத்துவிடுகிறது. அதன் தலைவர்கள் பலர் ரஷ்யக் கல்வி கற்ற வழக்கறிஞர்கள், ராணுவ அதிகாரிகள். அவர்களுக்கு ரஷ்ய மொழியே வசதி. ஆனால், கிராமங்கள் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு சமரசம். வீட்டில் அவரவர் தாய்மொழி. தொடக்கப் பள்ளியில் அதே தாய்மொழி, அஜம் எழுத்தில். நான்காம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் பொது மொழி அரபி.

நூறு ஆண்டு தள்ளி, கூனிப்பிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஒரு மினி பஸ். டிரைவர் லாக். முன் சீட்டில் வாதுமைப் பழக் கூடையோடு ஒரு தார்கின் பெண்மணி. பின்னால் இரண்டு அவார் மாணவர்கள். டிக்கெட் காசு, மழை, ஹிங்கால் எந்த ஊரில் நன்றாகச் செய்வார்கள் என்ற சண்டை எல்லாம் அரபியில் நடக்கின்றன. கெய்ரோக்காரர் கேட்டால் 'இது என்ன அரபி!' என்று சிரிப்பார். உள்ளூர்ச் சொல் பாதி, துருக்கிச் சொல் கால். மால்டாவில் அரபி தனி மொழியாகவே மாறிப்போனதுபோல, இங்கே ஒரு 'மலை அரபி' உருவாகியிருக்கும்.

உச்சரிப்பில் மட்டும் கெய்ரோக்காரர் குறை சொல்ல முடியாது. தொண்டையின் அடியிலிருந்து எழும் அரபி ஒலிகளுக்கு நாம் திணறுவோம். அவார்காரருக்கு அது தண்ணீர் குடிப்பது மாதிரி. அவர்கள் மொழியில் அதைவிடக் கடினமான தொண்டை ஒலிகள் இருக்கின்றன!

மகச்கலா மாணவன் பெட்டியைத் திறக்கிறான். எள்ளுத்தாத்தாவின் புத்தக ஓரக் குறிப்பை எடுத்ததும் வாசிக்கிறான். போன் கீபோர்டில் எழுத்துப் பஞ்சம் இல்லை. 1 போட வேண்டிய அவசியமும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கதை இங்கே முடியாது.

இந்தோனேசியா சொல்லும் பாடம்

'யாருக்கும் சொந்தமில்லாத மொழியைப் பொது மொழி ஆக்குவோம்' என்ற யோசனை வேறோர் இடத்தில் நிஜமாகவே வென்றது. அதுவும் தாகெஸ்தான் அரபி எழுத்தைக் கைவிட்ட அதே 1928ல்! அந்த ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, டச்சு ஆட்சியிலிருந்த தீவுகளின் இளைஞர்கள் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே இணைப்பு மொழி. மொழி எது? ஆள்பலம் மிகுந்த ஜாவா மொழியை அவர்கள் எடுக்கவில்லை. துறைமுகங்களில் புழங்கிய மலாய் மொழியை எடுத்தார்கள். அதுவே இந்தோனேசிய மொழி ஆனது.

இனச்சண்டை இல்லாமல் ஒரு பெரிய நாட்டுக்குப் பொது மொழி கிடைத்தது. உலகமே மெச்சும் வெற்றி. ஆனால், இன்று அந்த நாட்டின் நகரங்களில் வளரும் குழந்தைகள் பலர் பாட்டியின் மொழியை விட்டுவிட்டு இந்தோனேசிய மொழியிலேயே பேசுகிறார்கள். சிறு மொழிகள் தேய்கின்றன. சொந்தக்காரர் இல்லாத மொழிக்கும் பசி உண்டு.

தாகெஸ்தானில் அரபி ஏன் சிறு மொழிகளைத் தின்னவில்லை? அது நல்ல மொழி என்பதாலா? இல்லை. எல்லோரிடமும் அது போகவில்லை என்பதால். மதரசாவுக்குப் போன ஆண்கள் கற்றார்கள். பெண்களில் மிகச் சிலரே கற்றார்கள். அரபி திண்ணையோடு நின்றது. உள்ளே, அடுப்படியில், தாலாட்டில், கோபத்தில், அம்மாவின் மொழிதான் இருந்தது. சிறு மொழிகளைக் காப்பாற்றியது அந்த வாசற்படிதான். ஆனால், அதே வாசற்படிதான் பெண்களைப் படிப்புக்கு வெளியே நிறுத்தியது. அந்தக் காவலுக்கு விலை கொடுத்தவர்கள் பாட்டிகள்.

நம் கற்பனைக் குடியரசு எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் அரபி கற்பித்திருக்கும். கற்பிக்கத்தான் வேண்டும். பிறகு ரேடியோ, டி.வி., போன் என்று அரபி வாசற்படி தாண்டி உள்ளே வந்திருக்கும். லாக் பையனும் தார்கின் பெண்ணும் நகரத்தில் கல்யாணம் செய்துகொண்டால், குழந்தையிடம் எந்த மொழியில் பேசுவார்கள்? இன்று ரஷ்ய மொழியில். அப்போது அரபியில்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தெர்பெந்தில் பல நூற்றாண்டுகளாக வாழும் மலை யூதர்கள் தங்கள் மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதியவர்கள். அவர்களுக்கும், கடற்கரை நகரங்களின் ரஷ்யர்களுக்கும் ஆர்மீனியர்களுக்கும் அரபி யாருக்கும் சொந்தமில்லாத மொழியாகத் தெரிந்திருக்குமா? மதத்தின் வழியே வந்த மொழி அந்த மதத்தாருக்குள் நடுநிலையானதுதான். வெளியில் நிற்பவருக்கு அது இன்னொருவர் வீட்டு மொழியே.

கொக்குகள் பறந்த திசை

ரஷ்ய மொழி எடுத்துக்கொண்டதை மட்டும் பேசினால் நியாயமாகாது. கொடுத்ததும் உண்டு.

கம்சாத் ட்சதாசாவின் மகன் ரசூல் கம்சாதவ். 1923ல் பிறந்து 2003 வரை வாழ்ந்த பெரும் கவிஞர். கடைசிவரை அவார் மொழியில்தான் கவிதை எழுதினார். ஹிரோஷிமாவுக்குப் போனபோது, அணுகுண்டுக் கதிர்வீச்சால் இறந்த சிறுமி சடாகோவும் அவள் மடித்த காகிதக் கொக்குகளும் அவர் மனதை உலுக்கின. போரில் இறந்த வீரர்கள் கொக்குகளாகப் பறப்பதாக அவார் மொழியில் ஒரு கவிதை எழுதினார். நவூம் கிரெப்னேவ் அதை ரஷ்ய மொழியில் பெயர்த்தார். மார்க் பெர்னஸ் பாடினார். ரஷ்ய மொழி தெரிந்த நாடுகள் எங்கும் போர் நினைவிடங்களில் இன்றும் அந்தப் பாட்டு ஒலிக்கிறது.

நம் கற்பனை நாட்டிலும் கம்சாதவ் அவார் மொழியில் எழுதியிருப்பார். பெய்ரூட்டிலோ கெய்ரோவிலோ ஒருவர் அதை அரபியில் பெயர்த்திருப்பார். அவரது கொக்குகள் வடக்கே போகாமல் தெற்கே பறந்திருக்கும். எப்படியும் பறந்திருக்கும். ஏனென்றால், அவை புறப்பட்ட இடம் ட்சதா என்ற சின்ன ஊரின் அவார் மொழி. அந்தக் கூடு இருக்கும்வரைதான் கொக்கு.

இன்றைய கவலை அந்தக் கூட்டைப் பற்றித்தான். தாகெஸ்தானில் 14 மொழிகளுக்கு எழுத்து மொழி என்ற தகுதி இருக்கிறது. ஆனால், 2018ல் ரஷ்யாவில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியில் எந்த மொழியைத் தாய்மொழிப் பாடமாகப் படிப்பது என்பது பெற்றோர் விருப்பம் ஆகிவிட்டது. நகரத்துப் பெற்றோர் பலர் 'தாய்மொழி' என்ற இடத்தில் ரஷ்ய மொழியையே எழுதிக் கொடுக்கலாம். அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் இந்த மலையின் மொழிகள் வரிசையாக நிற்கின்றன.

பெட்டியை யார் திறப்பது?

ஆக, அரபி நீடித்திருந்தால் சிறு மொழிகள் பிழைத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளியும் டி.வி.யும் போனும் பேசும் மொழி எதுவானாலும், அது திண்ணையோடு நிற்காது. அதைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே அம்மாவின் மொழியில் பேச வேண்டியது வீட்டில் இருப்பவர்களின் வேலை. எந்த அரசாங்கமும் அதைச் செய்து தராது.

ஆனால், ஒன்று மட்டும் உறுதியாக மாறியிருக்கும். பேரன் தாத்தாவை வாசித்திருப்பான். பொது மொழி மாறியதைவிட, பத்து ஆண்டுக்குள் எழுத்து இரண்டு முறை மாறியதுதான் அந்த வீடுகளை அதிகம் உடைத்தது. மொழி உயிரோடு இருந்தும், எழுதியதெல்லாம் ஊமையாகிப்போனது. படித்த மனிதர் என்று ஊரே மதித்த ஒருவர், ஒரே இரவில் எழுத்தறிவில்லாதவர் கணக்கில் சேர்ந்தார்.

மகச்கலாவில் அறிவியல் கழகத்தின் வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் இன்று ஆயிரக்கணக்கான அரபிக் கையெழுத்துப் பிரதிகள் பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வாளர்கள் மலைக் கிராமங்களுக்குப் போய், மசூதி அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் இருப்பதைப் பட்டியல் போடுகிறார்கள். சில வீடுகளில் புத்தகத்தை வெளியே எடுத்துத் தரவே தயங்குகிறார்கள். ஒரு காலத்தில் அதற்காகச் சிறைக்குப் போனவர்களின் வீடு அல்லவா?

நம் கற்பனை மாணவனுக்கு நண்பனிடமிருந்து பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நண்பனின் மாமாவுக்கு அரபி தெரியும். ஓரக் குறிப்பை அவர் வாசித்துச் சொல்லியிருக்கிறார். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இந்தப் புத்தகத்தைப் படியெடுக்க எத்தனை நாள் ஆயிற்று, அந்தக் குளிர்காலத்தில் எவ்வளவு பனி, யார் வீட்டில் தங்கிச் சாப்பிட்டார், அவ்வளவுதான். தங்க இடம் தந்தது வேறு மொழி பேசும் ஒரு குடும்பம்.

மாணவன் அதை அம்மாவிடம் சொல்லப் போகிறான். ரஷ்ய மொழியில் ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்துகிறான். தெரிந்த அளவுக்கு, தட்டுத்தடுமாறி, அவார் மொழியில் மறுபடி முதலிலிருந்து சொல்கிறான்.